ஆராய்ச்சி மாணவர் ஆராய்ச்சித் தலைவராவது எப்படி?

ஒருவர் பல்கலைக் கழகத்தில் ஐந்தாறு ஆண்டுகள் அரும்பாடுபட்டு டாக்டர் பட்டம் பெற்றுவிட்டால், உற்றார் உறவினர் அனைவரும் அவருடைய கல்வி நிறைவெய்திவிட்டதாக எண்ணி மகிழ்கிறோம். உண்மையில் அன்றுதான் அவருடைய கல்வியின் கடினமான பகுதி தொடங்குகிறது. அதுவரை அவர் ஆசிரியர் வகுத்துக் கொடுத்த வினாவுக்கு விடை தேடினார். இனி வினாவையே அவர் வகுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை பிறர் சேர்த்துவைத்த கருவிகளைக் கையாண்டார். இனி கருவிகளுக்கு வேண்டிய பணத்தை அவரே தேட வேண்டும். நேற்றுவரை மாணவராக இருந்தவர், இன்று நாலு மாணவர்களின் எதிர்காலத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். இவ்வளவு பெரிய மாறுதலுக்கு அவரை ஆயத்தம் செய்யும் ஏற்பாடு நம் பல்கலைக் கழகங்களில் இருக்கிறதா என்பதே இவ்வுரையின் பொருள்.

மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி செய்யும் எனக்குச் சொற்களை நிறுத்துப் பார்ப்பது அன்றாடத் தொழில். 'தலைவர்' என்ற சொல்லை நாம் கூட்டத்தின் நடுநாற்காலியில் அமர்ந்து மாலை ஏற்றுக்கொள்பவருக்கு வழங்குகிறோம். அலுவலகத்திலோ, கோப்பில் கடைசிக் கையெழுத்து இடுபவர் தலைவராகிறார். ஆராய்ச்சித் தலைவர் என்பவர் இவ்விரு வகையிலும் அடங்கமாட்டார். எந்த வினா தொடர்ந்து சென்று காணத்தக்கது என்று தெரிந்து, அதற்கு ஏற்ற ஆட்களைத் திரட்டி, அவர்களுக்கு வேண்டியதைத் தேடித் தந்து, முடிவு எதுவானாலும் தாமே பொறுப்பேற்பவர் அவர். முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்பது நம் உழவர்களின் பழமொழி. ஆராய்ச்சி மாணவர் பின்னேர். ஆராய்ச்சித் தலைவர் முன்னேர். அந்தப் பின்னேர் என்றைக்கு முன்னேராகிறது? உழாத வயல் ஒன்றை அதனிடம் ஒப்படைக்கும்போதுதான். இது நம் நாட்டு விஞ்ஞான வரலாற்றிலேயே மும்முறை தெளிவாக நிகழ்ந்திருக்கிறது. அம்மூன்று நிகழ்ச்சிகளிலும் ஊர் விட்டு ஊர் சென்ற தென்னாட்டவர்களுக்குப் பங்கு உண்டு.

முதல் நிகழ்ச்சி கல்கத்தாவில் நடந்தது. 1907-ஆம் ஆண்டில் நிதி இலாகா அதிகாரியாக அந்நகருக்கு வந்த சி.வி. ராமன், பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தைக் கண்டுபிடித்தார். ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே தம் சோதனைகளை நடத்தினார். கல்கத்தாப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக 1906 முதல் 1914 வரை விளங்கிய அசுதோஷ் முகர்ஜி இவரைக் கவனித்து வந்தார். தாரகநாத் பாலித் அளித்த கொடையால் ஏற்பட்ட பௌதிகப் பேராசிரியர் பதவியை இவருக்குக் கொடுக்க விரும்பினார். அப்பதவியில் அமர்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. வெளிநாடு சென்று பயில ராமன் இணங்கவில்லை. ஆளை நிபந்தனைக்கு ஏற்பத் தேடாமல், ஆளுக்கு ஏற்ப நிபந்தனையைத் தளர்த்தினார் முகர்ஜி. 1917-ஆம் ஆண்டில் ராமன் அரசாங்க உத்தியோகத்தையும் அதன் பெருஞ்சம்பளத்தையும் விட்டுக் குறைந்த ஊதியத்தில் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

ராமன் போன்ற மேதையை யாரும் கண்டுகொள்வார்கள் என்று சிலர் கூறலாம். ஆனால் முகர்ஜி செய்தது அதோடு நிற்கவில்லை. எம்.எஸ்ஸி. பட்டம் பெற்று வெளிவந்து ஓராண்டு ஈராண்டே ஆன இரண்டு இளைஞர்களை அழைத்து, புதிய விஞ்ஞானக் கல்லூரியில் மேல்வகுப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். ஒருவர் சத்யேந்திரநாத் போஸ். மற்றவர் மேகநாத் சாகா. கற்பிக்க வேண்டிய புதிய பௌதிகம் அவர்களுக்கே புதிது. நூல்களோ ஜெர்மன் மொழியில் இருந்தன. அவர்கள் மொழியைக் கற்று, நூலைக் கற்று, பிறகு கற்பித்தார்கள். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1920-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் அதை நூலாக வெளியிட்டது. ஆங்கிலத்தில் வந்த முதல் மொழிபெயர்ப்புகளுள் அதுவும் ஒன்று. அதே ஆண்டில் விண்மீன்களின் வெப்பத்தையும் அவற்றின் ஒளிப்பட்டைகளையும் இணைத்துக் காட்டும் சமன்பாட்டைச் சாகா வெளியிட்டார். நாலாண்டுகள் கழித்து, டாக்காப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த போஸ், தம் கட்டுரை ஒன்றை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். அந்தப் பெரியார் அதைத் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்து அச்சேற்றினார். முப்பது வயதுடைய முன்பின் அறியாத ஓர் ஆசிரியருக்கு உலகப் புகழ் பெற்ற ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார் என்பதை நினைக்கும்போது, என் தொழிலின் மீதே எனக்கு மதிப்பு உயர்கிறது.

பொறுப்பை முன்னதாகக் கொடுத்தால் தகுதி அதன் பின்னே வந்து சேரும் என்பதே கல்கத்தா கற்பிக்கும் பாடம். தகுதி முழுவதும் வரட்டும், பிறகு பொறுப்பைக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டும் வாரா.

இரண்டாவது நிகழ்ச்சி கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றியது. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் 1920-இல் கல்கத்தா சென்றார். ராமனுடைய ஆராய்ச்சிக் கூடத்தில் உடனுழைப்பவரானார். ஒளிச்சிதறலைப் பற்றி 1928-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த புகழ்பெற்ற குறிப்பில் ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் காணப்படுகின்றன. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு வழங்கப்பட்டது. கிருஷ்ணன் அந்தக் கூடத்திலேயே இருந்திருந்தால், ஒரு பேராலமரத்தின் நிழலில் வளர்ந்த நல்ல செடி என்ற பெயரோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர் 1928-ஆம் ஆண்டின் இறுதியில் டாக்காப் பல்கலைக் கழகத்தில் பௌதிக ரீடராகச் சென்றார். அங்கே துறைத் தலைவராக இருந்தவர் வேறு யாரும் அல்லர், முன்பு சொன்ன சத்யேந்திரநாத் போஸே. இளமையில் நம்பிக்கை வைக்கப்பட்டவர், இப்போது மற்றோர் இளைஞரின் மீது நம்பிக்கை வைக்கும் இடத்தில் இருந்தார்.

டாக்காவில் கிருஷ்ணன் குருநாதரின் வயலை உழவில்லை. படிகங்கள் வெவ்வேறு திசைகளில் வெவ்வேறு காந்தப் பண்பைக் காட்டுவது ஏன் என்ற வினாவைத் தமக்கென எடுத்துக்கொண்டார். அதை அளப்பதற்கு நுட்பமான முறைகளைத் தாமே வகுத்தார். தமக்கென மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1933-இல் அவர் கல்கத்தாவின் அதே சங்கத்துக்குத் திரும்பியபோது உதவியாளராகத் திரும்பவில்லை. மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். பின்பு 1942-இல் அலகாபாத் பல்கலைக் கழகம். 1947-இல் தில்லி தேசியப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநர். குருவின்மீது குறைவற்ற மதிப்பும், குருவின் பிரச்னையிலிருந்து விலகிய தனிப்பாதையும் ஒருவரிடமே இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

ராமனிடம் பயின்ற பிறரும் அவ்வாறே தத்தமக்கென வயல்களைத் தேடிக்கொண்டனர். பாலக்காட்டுச் சீமையிலிருந்து சென்ற கே.ஆர். ராமநாதன், அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராகி வான்மண்டல ஆராய்ச்சியை வளர்த்தார். எல்.ஏ. ராமதாஸ் புனாவில் வேளாண்மைக்குரிய வானிலை ஆராய்ச்சிக்கு அடிகோலினார். அன்னா மாணி ராமனுடைய பெங்களூர்க் கூடத்தில் வைரங்களை ஆராய்ந்து, ஐந்து கட்டுரைகளைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 1948-இல் புனா வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்யும் பணிக்குத் தலைமை தாங்கினார். பட்டமும் தலைமையும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மூன்றாவது நிகழ்ச்சி சென்னைப் பல்கலைக் கழகத்தில் நடந்தது. 1952-ஆம் ஆண்டில் அங்கே பௌதிகத் துறை அமைக்க எண்ணிய துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், முதலில் ராமனையே அழைத்தார். ராமன் தாம் வர இயலாதென்று கூறி, தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். முப்பதே வயதான ஒருவரிடம் ஒரு துறை முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. ராமச்சந்திரன் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைத்தார். சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னாலோடு நடந்த உரையாடல் அவரைக் கொலாஜன் என்னும் புரதத்தின் பக்கம் திருப்பியது. தோலிலும் தசைநாண்களிலும் உள்ள புரதம் அது. அண்டையில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சுருள் இழைகளால் ஆனது என்று அறிவித்தனர். புதுத் துறை தொடங்கி இரண்டே ஆண்டுகளில் விளைந்த பயன் இது.

அதன் பின் நடந்ததே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. 1963-ஆம் ஆண்டு ஜனவரியில் புரதங்களின் அமைப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கருத்தரங்கைச் சென்னையிலேயே அவர் நடத்தினார். மாணவர்கள் கடல் கடந்து செல்லாமலே வெளிநாட்டு அறிஞர்களை நேரில் காண முடிந்தது. அதே ஆண்டில் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இரு இளைஞர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம், இன்றும் உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகிறது. 1968-இல் அவருடைய மாணவர் சி.எம். வெங்கடாசலம், புரத இழைகள் எவ்வாறு திரும்பி மடங்குகின்றன என்பதை விளக்கிய கட்டுரையைத் தம் ஒருவர் பெயரிலேயே வெளியிட்டார். ஆசிரியரின் கூடத்தில், ஆசிரியரின் துறையில் பிறந்த கட்டுரை அது. ஆயினும் ஆசிரியரின் பெயர் அதில் இல்லை. மாணவரைத் தனியே நிறுத்திப் பார்க்கும் துணிவு உள்ள ஆசிரியரே தலைவர்களை உருவாக்க முடியும்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஓர் இளைஞர் ஆராய்ச்சித் தலைவராவதற்கு மூன்று பொருள்கள் தேவை என்பது விளங்கும். தமக்கென ஒரு வினா. அதைத் தொடர்வதற்கு இடமும் பணமும் ஆட்களும் தம் பொறுப்பில் இருக்கும் நிலை. கூப்பிடு தூரத்தில் இருந்தும் கையைப் பிடித்து இழுக்காத ஒரு பெரியவர். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி தடைப்படுகிறது.

இன்று நிலைமை என்ன? பணத்தைப் பொறுத்த வரையில், முன்னைவிட வழிகள் பெருகியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. மத்திய விஞ்ஞான தொழில்நுட்ப இலாகா 2008-இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தில், இளம் விஞ்ஞானிகளுக்கு ஐந்தாண்டுக் காலத்துக்கு ஊதியமும் ஆராய்ச்சிச் செலவுக்குத் தனித்தொகையும் அளிக்கும் பிரிவு உண்டு. நாடு விடுதலை பெற்ற பொன்விழாவை ஒட்டி ஏற்பட்ட சுவர்ண ஜயந்தி உதவித் தொகை, முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினருக்கென்றே அமைந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்காக ராமானுஜன் பெயரால் ஓர் உதவித் தொகை ஏற்பட்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், தன் முதல் திட்டங்களுள் ஒன்றாகவே தொடக்கநிலை ஆராய்ச்சியாளருக்கான மானியத்தை அறிவித்தது. பணி இடையில் நின்றுபோன பெண் விஞ்ஞானிகள் மீண்டும் திரும்புவதற்கும் இலாகாவில் தனித் திட்டம் உண்டு. உயிரியல் துறையில் 2009 முதல் இளம் ஆராய்ச்சியாளரும் மூத்தோரும் ஓரிடத்தில் கூடி, தனிக் கூடம் அமைப்பதன் இன்னல்களை மனம் விட்டுப் பேசும் கூட்டங்கள் நடந்து வந்துள்ளன.

ஆனால் பணம் கிடைத்த பிறகும் பல இளைஞர்கள் தேங்கி நிற்கிறார்கள். இதன் காரணம் என்ன? முதலாவது, நேரமின்மை. பல்கலைக் கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகள், உதவிப் பேராசிரியருக்கு வாரம் பதினாறு மணி நேரம் நேரடிக் கற்பித்தலையும், பேராசிரியருக்குப் பதினாலு மணி நேரத்தையும் வகுத்தன. தனிக் கூடம் அமைக்க வேண்டிய இளையவருக்கு மூத்தவரைவிடக் கூடுதலான பளு! அதற்கு மேல் பரீட்சைப் பொறுப்பும் விடுதிப் பொறுப்பும் விழாப் பொறுப்பும் வந்து சேர்வது வழக்கம். புதியவர் என்றால் மறுக்க மாட்டார் என்பதே எல்லாருடைய எண்ணமும்.

இரண்டாவது, பயிற்சியின்மை. ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவருக்கு ஆராய்ச்சிக் கூடம் நடத்தத் தெரியும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வீணை வாசிக்கத் தெரிந்தவருக்குச் சங்கீத சபை நடத்தத் தெரியும் என்று நினைப்பதைப் போன்றது இது. கருவி வாங்கும் விதிகள், கணக்கு முடித்து அனுப்பும் முறை, சோம்பும் மாணவரிடம் பேச வேண்டிய முறை, கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்ற பூசல், இரண்டாண்டு உழைத்த பின்னும் பயன் தராத ஒரு வழியைக் கைவிடத் துணிவது, இவை ஒன்றும் டாக்டர் பட்டத்துக்கான பாடத்தில் இல்லை. 2022-ஆம் ஆண்டு விதிகள், டாக்டர் பட்டமும் குறைந்தது மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளும் உடைய உதவிப் பேராசிரியர் நாலு மாணவர்கள் வரை ஏற்கலாம் என்று கூறுகின்றன. கட்டுரைகளை எண்ணிவிடலாம், நாலு இளைஞர்களின் ஐந்தாண்டு வாழ்க்கையைப் பொறுப்போடு நடத்தும் பக்குவத்தை யார் எண்ணுவது?

மூன்றாவது காரணம், நிழல். பழைய ஆசிரியரின் வினாவையே சிறிது மாற்றித் தொடர்வது எளிது. கட்டுரைகள் விரைவில் வரும். பெரியவரின் ஆதரவும் நீடிக்கும். ஆனால் பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால், தமக்கென ஒன்றும் இல்லை என்பது தெரியும். சில கூடங்களில் ஆசிரியரே இதை விரும்புகிறார் என்பதையும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் பெருஞ்செலவு உடையதன்று. துறைத் தலைவர்கள் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளாவது கற்பித்தல் நீங்கலான பொறுப்புகளைக் குறைக்கலாம். மேலதிகாரியாக அல்லாத ஒரு மூத்த பேராசிரியரை, வேறு துறையிலிருந்தாவது, அவருக்கு ஆலோசகராக அமைக்கலாம். தம் பதவி உயர்வைக் கையில் வைத்திருப்பவரிடம் யாரும் தம் குழப்பங்களைச் சொல்லமாட்டார்கள் அல்லவா? மானிய விண்ணப்பத்தை அனுப்புமுன் இரண்டு மூத்தவர்கள் படித்துக் குறை கூறும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். பட்டம் பெறும் முன்பே, ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆசிரியரின் வினா அல்லாத ஒரு வினாவைப் பற்றி இரண்டு பக்கத் திட்டமேனும் எழுத வேண்டும் என்று விதிக்கலாம். விடை தேடப் பழகிய மனம் வினா எழுப்பவும் பழக வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். எதிர்காலத் தலைமைக்காக இன்றே செய்யத்தக்கவை உண்டு. கூடத்தில் உங்களுக்கு இளையவருக்குக் கருவியைக் கற்றுக்கொடுங்கள். அது நேரத்தை வீணாக்குவதன்று. ஆசிரியரின் மானியக் கணக்கைப் பார்க்கக் கேளுங்கள். ஒரு சோதனைக்கு எவ்வளவு ஆகிறது என்பதை அறிந்தவரே நாளை கூடம் நடத்துவார். பிறர் உழைப்புக்கு உரிய பெயரைக் கொடுத்துப் பழகுங்கள். வாய்ப்பு வரும்போது ஊர் மாறத் தயங்காதீர்கள். கிருஷ்ணனுக்கு டாக்கா என்ன செய்ததோ, அதை உங்களுக்கு ஒரு புதிய ஊர் செய்யக்கூடும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் குடும்பங்களில் இன்று பல பிள்ளைகளும் பெண்களும் ஆராய்ச்சியில் இருக்கிறார்கள். முப்பது வயதாகியும் நிலையான வேலை இல்லையே, கல்யாணம் எப்போது, வீடு வாங்குவது எப்போது என்று கேட்பது நமக்கு இயல்பு. கேட்பதில் அன்பும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது. ஆனால் உழாத வயலில் ஏர் பூட்டியவருக்கு முதற் சில ஆண்டுகள் விளைச்சல் காணாது. மண் பண்படவே அத்தனை நாள் ஆகும். அந்நாட்களில் அவர்களிடம் நாம் கேட்கத்தக்க வேறொரு கேள்வி உண்டு: "நீ இப்போது எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாய்?" என்பதே அது. அதற்கு அவர்கள் நமக்குப் புரியும்படி விடை சொல்ல முயன்றால், அந்த முயற்சியே அவர்களுக்குத் தலைமைப் பயிற்சியாக அமையும். பொறுமையோடு கேட்பது நம் பங்கு.